கால்வாய் நீரை அளக்கும் புளூம்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள விழிஞ்ஞம், 2025 மே 2 ஆம் நாள் முறைப்படி திறந்து வைக்கப்பட்ட பெருந்துறைமுகத்தால் இன்று உலகறிந்த ஊராகிவிட்டது. கடலின் ஆழம், அலையின் உயரம், கப்பலின் சுமை ஆகிய யாவும் அங்கே கருவிகளால் அளக்கப்படுகின்றன. ஆனால் துறைமுகத்துக்குப் பின்புறமாக உள்நாட்டில் நடந்து செல்பவர், வேறொரு வகை நீரைக் காண்பர். வயலுக்கும் தென்னைக்கும் வாழைக்கும் பாயும் வாய்க்கால் நீர் அது. அந்த நீர் எவ்வளவு ஓடுகிறது என்று வினவினால், இந்நாட்டின் பெரும்பாலான கிளை வாய்க்கால்களின் கரையில் கிடைக்கும் விடைதான் இங்கும் கிடைக்கக்கூடும்: "முழங்கால் அளவு ஓடுகிறது."

முழங்கால் அளவு என்பது ஆழத்தைக் கூறுமேயன்றி ஓட்டத்தைக் கூறாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலேயே நீர்ப் பங்கீட்டுப் பூசல்கள் பலவற்றின் வேர் இருக்கிறது.

விழிஞ்ஞம் அடங்கியுள்ள நெய்யாற்றின்கரைத் தாலுகா, நெய்யாற்றினால் பெயர் பெற்றது. அகத்தியமலைத் தொடரில் தோன்றும் இவ்வாறு, விழிஞ்ஞத்துக்குத் தென்கிழக்கே பூவாற்றில் கடலோடு கலக்கிறது. 1950களில் கட்டப்பட்ட நெய்யாற்று அணையிலிருந்து வலதுகரை, இடதுகரை என இரு கால்வாய்கள் பிரிகின்றன. திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில் அவை இரண்டும் திருவிதாங்கூர்–கொச்சி என்னும் ஒரே இராஜ்யத்தில் அடங்கியிருந்தன. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அதனால் இடதுகரைக் கால்வாயின் தலைப்பு ஒரு மாநிலத்திலும் கடைமடை மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்தன. விளவங்கோட்டில் ஏறத்தாழ 9,200 ஏக்கர் நிலம் இக்கால்வாயை நம்பியிருந்தது. 2004 இல் அந்நீர் நின்றது. 2012 இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நெய்யாறு இரு மாநிலங்களுக்கும் உரிய ஆறுதானா என்பதே அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் முதன்மையானது.

அத்தகைய வினாவுக்கு விடை கூற எந்த அளவுக் கருவியாலும் இயலாது. அது சட்ட வல்லுநர் துறை. எனினும் உரிமை எவ்வாறு தீர்மானிக்கப்பட்டாலும், தீர்ப்பைக் கால்வாயில் நிறைவேற்றும் நாளில் "வினாடிக்கு எத்தனை கன அடி" என்ற கேள்வி எழுந்தே தீரும். தலைப்பில் நிற்பவரும் கடைமடையில் நிற்பவரும் ஒரே எண்ணைப் படிக்க முடிந்தாலன்றி, எழுதப்பட்ட பங்கு காகிதத்திலேயே நின்றுவிடும். மாநிலங்களுக்கு இடையே மட்டுமன்று, ஒரே ஊரின் மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் இடையேயும் இதுவே நிலைமை.

வாய்க்காலின் ஆழத்தை மட்டும் கொண்டு ஓட்டத்தை ஏன் கணிக்க இயலாது? கீழ்மதகை அடைத்துவிட்டால் வாய்க்கால் கரை தளும்ப நிறைந்து நிற்கும். ஓட்டமோ ஏறக்குறைய இராது. அதே மதகைத் திறந்துவிட்டால் ஆழம் குறையும், ஓட்டம் பெருகும். பாசியும் கோரையும் மண்டிய வாய்க்காலில் நீர் உயர்ந்து மெல்ல ஊரும். தூர்வாரிய மறுநாள் அதே நீர் தாழ்ந்து விரைந்து செல்லும். ஆகவே, ஆழத்தோடு வேகத்தையும் அறிதல் வேண்டும்.

வேகத்தை அறிய எளிய வழி மிதவை விடுதல். ஒரு தேங்காய் மட்டைத் துண்டை நீரில் இட்டு, குறித்த தொலைவை எத்தனை வினாடியில் கடக்கிறது என்று கணக்கிடலாம். மேற்பரப்பின் வேகம் சராசரி வேகத்தைவிட மிகுதியாதலால், கிடைத்ததை 0.85 ஆல் பெருக்குவது வழக்கம். இது தோராயமான கணக்கே. நீரோட்டமானி என்னும் சுழல்கருவி இன்னும் துல்லியமானது. ஆனால் விலை மிகுந்தது, பயிற்சி பெற்ற ஆள் தேவை, ஒவ்வொரு முறையும் வாய்க்காலின் குறுக்கே பல இடங்களில் இறக்கி அளக்க வேண்டும். மற்றொரு வழி, வாய்க்காலின் குறுக்கே வெட்டுள்ள பலகையை நிறுத்தி அதன் மேல் நீரை வழியச் செய்வது. ஆய்வுக்கூடத்தில் இது மிகச் சிறந்த முறை. கிராம வாய்க்காலிலோ இரு குறைகள் தோன்றும். பலகைக்கு முன்னே வண்டல் படிந்து அளவு பொய்த்துவிடும். அன்றியும், பலகையைத் தாண்டி விழ நீர்மட்டத்தில் கணிசமான இறக்கம் வேண்டும். செம்மண்ணும் இலைதழையும் கலந்து வரும், சரிவு குறைந்த கடலோரச் சமவெளி வாய்க்கால்களில் இவ்விரு குறைகளும் பெரியவை.

இவற்றைப் போக்க எழுந்த சாதனமே புளூம். தமிழில் இதனை அளவோடை என்று கூறலாம்; ஆயினும் கால்வாய் வேலையில் ஈடுபட்டோர் நாவில் வழங்கும் சொல் புளூம் என்பதே ஆதலால் இங்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. வாய்க்காலின் ஒரு பகுதியில் இரு பக்கச் சுவர்களையும் நெருக்கிக் குறுகச் செய்து, பின்னர் மீண்டும் விரியச் செய்தால் அது புளூம் ஆகும். குறுகிய இடம் கழுத்து எனப்படும். குறுக்கே தடுப்பு ஏதும் இன்மையால் வண்டல் தங்காது. கழுத்தில் வேகம் மிகுவதால் அது அடித்துச் செல்லப்படும். பலகைக்கு வேண்டிய இறக்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இதற்குப் போதும்.

குறுகிய இடத்தில் அப்படி என்ன நிகழ்கிறது? இதனை மாணவர்க்கு விளக்க ஒரு கூழாங்கல் போதும். மெதுவாக ஓடும் வாய்க்காலில் கல்லை எறிந்தால் எழும் வளையலைகள் நாற்புறமும் பரவும். நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கியும் செல்லும். அதாவது, கீழே நடக்கும் நிகழ்ச்சியின் செய்தி மேலே எட்டுகிறது. இதனாற்றான் கீழ்மதகை அடைத்தால் மேலே மட்டம் உயருகிறது. புளூமின் கழுத்தில் நீர் விரைவுற்று, அதன் வேகம் அங்குள்ள ஆழத்துக்குரிய சிற்றலையின் வேகத்துக்குச் சமமாகிவிடுகிறது. இந்நிலையில் உள்ள ஆழத்தை மாறுநிலை ஆழம் என்பர். அதற்குக் கீழே வேகம் இன்னும் மிகுவதால் அலை எதிர்த்து ஏற இயலாது; கீழேயுள்ள செய்தி கழுத்தைத் தாண்டி மேலே செல்லாது. ஆகவே, கழுத்துக்கு மேலேயுள்ள நீர்மட்டம் வந்து சேரும் நீரின் அளவை மட்டுமே பொறுத்து அமைகிறது. கீழே கோரை மண்டினாலும் தூர்வாரினாலும் (ஓர் எல்லை வரையில்) அதற்குக் கவலையில்லை. ஓர் ஆழத்துக்கு ஒரே ஓட்டம் என்ற உறவு ஏற்பட்டுவிடுவதால், அளவுகோலில் ஒரு முறை பார்த்தாலே போதும். புளூமின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

இத்தத்துவத்தைச் சாதனமாக்கியவர்கள் பெரும்பாலும் பாசனத் துறைப் பொறியாளர்களே. அமெரிக்காவில் கொலராடோ இராஜ்யத்தின் போர்ட் காலின்ஸ் நகரில் 1915 இல் கோன் என்பவர் தொடங்கிய பரிசோதனைகளைத் தொடர்ந்து, ரால்ப் பார்ஷல் என்னும் வேளாண்மைத் துறைப் பொறியாளர் 1920களில் புளூமின் வடிவத்தைத் திருத்தியமைத்தார். அவர் பெயராலேயே பார்ஷல் புளூம் இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதே காலத்தில் இந்தியாவிலும் இவ்வேலை தனித்து நடைபெற்றது என்பது பாடநூல்களில் போதிய இடம் பெறுவதில்லை. பஞ்சாப் கால்வாய்களில் கிரம்ப் 1922 இல் தம் முறைகளை வெளியிட்டார். பம்பாய் மாகாணத்தில் இங்கிலிஸ் நிலையலைப் புளூமைப் பற்றிய குறிப்புகளை 1928 இல் அச்சிட்டார். கழுத்தைக் கடந்து விரைந்து வரும் நீர், ஓரிடத்தில் திடீரென உயர்ந்து நுரைத்து அமைதியடைவதை நிலையலை என்பர். இந்தியத் தரநிர்ணய நிறுவனம் 1971 இல் நிலையலைப் புளூமுக்கான விதிகளை வகுத்தது. பெரிய கால்வாய்களுக்கு இவ்வகையும், கிளை வாய்க்கால்களுக்குப் பார்ஷல் வகையும் ஏற்றவை எனலாம்.

களப்பணியாளர் அடிக்கடி காணக்கூடியது ஓரடிக் கழுத்துள்ள பார்ஷல் புளூம். அதன் கழுத்தின் அகலம் 30.5 சென்டிமீட்டர். நீர் நுழையும் வாயில் 84.5 சென்டிமீட்டர் அகலமுடையது. குவியும் பகுதியின் சாய்ந்த சுவர் 1.37 மீட்டர் நீளம். அதன் தளம் மட்டமாக இருக்கும். கழுத்தின் தளம் கீழ்நோக்கிச் சரியும். விரியும் பகுதியின் தளம் மீண்டும் ஏறும். இச்சரிவு வேலைக்காரன் விருப்பத்துக்கு உரியதன்று. 61 சென்டிமீட்டர் நீளமுள்ள கழுத்தில் 23 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அளவுகோல் நிறுத்தும் இடம், கழுத்தின் தொடக்கத்திலிருந்து சாய்ந்த சுவர் வழியே 91.4 சென்டிமீட்டர் பின்னால், அதாவது சுவரின் நீளத்தில் மூன்றில் இரு பங்கில், அமைதல் வேண்டும். அதன் பூஜ்யம் குவியும் பகுதியின் தளமட்டத்தோடு பொருந்த வேண்டும்.

அவ்வாறு அமைந்த புளூமில், மீட்டரில் அளந்த நீர்மட்ட உயரத்தை 1.522 என்ற அடுக்குக்கு உயர்த்தி 0.6909 ஆல் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்ற விடை கிடைக்கும். வெறுங்கணிதத்தால் பெறும் அடுக்கு 1.5 ஆகும். பரிசோதனையில் கண்டது அதை ஒட்டியே வந்திருப்பதை உயர்வகுப்பு ஆசிரியர் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். களத்தில் இக்கணக்கைப் போட வேண்டியதில்லை. அட்டவணையை எழுதிக் கரையிலேயே மாட்டிவிடலாம். உயரம் 10 சென்டிமீட்டரானால் வினாடிக்கு 20.8 லிட்டர், 20 சென்டிமீட்டரானால் 59.6 லிட்டர், 30 சென்டிமீட்டரானால் 110.6 லிட்டர். உயரம் இரு மடங்காகும்போது நீர் ஏறக்குறைய மூன்று மடங்காவது கவனிக்கற்பாலது. கண்மதிப்பு தவறுவது இங்கேதான். "பாதி ஆழம் வந்தது, பாதித் தண்ணீர் வந்தது" என்று எண்ணும் கடைமடை விவசாயி, உண்மையில் மூன்றில் ஒரு பங்கையே பெற்றிருப்பார்.

20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நாள் முழுதும் ஓடும் நீர் ஏறக்குறைய 5,150 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்த 500 கன மீட்டர் தேவை. வழியில் கசிந்து போவதைத் தவிர்த்துக் கணக்கிட்டால், அந்த ஓட்டம் ஒரு நாளில் பத்து ஹெக்டேருக்குப் பாயும். முறைப்பாசனத்தில் நாளையும் நாழிகையையும் பங்கிட்டுப் பழகிய நம் உழவர்க்கு இக்கணக்கு புதிதன்று. ஒவ்வொரு நாழிகையிலும் வந்த நீர் எவ்வளவு என்பதே இதுவரை தெரியாதிருந்தது. பரப்பையும் பயிரையும் கொண்டே நீர்த்தீர்வை விதிக்கப்பட்டு வந்தமையால், நீரின் அளவைப் பற்றிக் கவலைப்படும் தேவையும் அலுவலர்க்கு அவ்வளவாக எழவில்லை எனலாம்.

புளூம் எளிய சாதனம்தான். ஆனால் அதைத் தவறாக அமைப்பதும் அதே அளவுக்கு எளிது. மிகுதியாகக் காணப்படும் பிழை, அளவுகோலின் பூஜ்யம் தளத்தோடு பொருந்தாமை. ஒரு சென்டிமீட்டர் பிழை அற்பமானதென்று தோன்றலாம். 30 சென்டிமீட்டர் உயரத்தில் அப்பிழையால் விளையும் வேறுபாடு நூற்றுக்கு 5 பங்கு. 10 சென்டிமீட்டர் உயரத்தில் அதே பிழை நூற்றுக்கு 15 பங்காகிவிடும். உண்மையில் 9 சென்டிமீட்டரே உள்ள நீரைக் கோல் 10 என்று காட்டினால், வினாடிக்கு 17.7 லிட்டர் பெறுபவர் 20.8 லிட்டர் பெற்றதாகப் பதிவேட்டில் எழுதப்படும். ஒரு நாளில் 266 கன மீட்டர், அதாவது அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தின் நீர், கணக்கில் இருக்கும், வயலில் இராது. நீர் குறைந்த காலத்தில்தான் மட்டம் தாழ்ந்திருக்கும் என்பதையும், பூசல் எழுவது அக்காலத்தில்தான் என்பதையும் சேர்த்து எண்ணினால், இவ்வொரு சென்டிமீட்டரின் விலை விளங்கும்.

கோலை நீரிலேயே நிறுத்திப் படிப்பதைவிட, சுவரை அடுத்துச் சிறு கிணறு ஒன்று அமைத்து, துளையின் வழியே நீரை அதனுள் விட்டுப் படிப்பது நன்று. அலைவின்றி மட்டம் அமைதியாக நிற்கும். அத்துளையில் சேறு அடைத்துக்கொண்டால் கிணறு நேற்றைய மட்டத்தையே இன்றும் காட்டும். வாரம் ஒரு முறையேனும் குச்சியால் குத்தித் துப்புரவு செய்தல் அவசியம். தளத்தை ரசமட்டம் வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் சரிபார்க்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பின் ஒருபக்கம் தாழ்ந்திருக்கும் புளூம்கள் பல. பக்கவாட்டிலும் அடியிலும் நீர் கசிந்து சென்றால் அது அளவுக்குள் வராது. நண்டு வளைகளைக் கூடப் பார்த்து அடைக்க வேண்டும். வளைவை அடுத்தோ மதகை ஒட்டியோ புளூமை அமைத்தல் ஆகாது. நீர் சுழிப்பின்றி நேராக வந்து நுழைய, மேற்புறத்தில் நேரான வாய்க்கால் இருத்தல் வேண்டும்.

முன்னர் 'ஓர் எல்லை வரையில்' என்று கூறப்பட்டதை இங்கு விளக்குதல் தகும். கீழ்ப்புற நீர்மட்டம் மிக உயர்ந்துவிட்டால் கழுத்து மூழ்கிவிடும், மாறுநிலை ஏற்படாது, கீழேயுள்ள செய்தி மீண்டும் மேலே ஏறும். ஓரடிப் புளூமில் கீழ்மட்டம் மேல்மட்டத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தாண்டலாகாது. மேற்கோலில் 30 சென்டிமீட்டர் இருந்தால், அதே தளத்திலிருந்து அளக்கும் கீழ்க்கோலில் 21 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் சென்றால் மேற்கோலின் அட்டவணை உண்மையைவிட மிகுதியான நீரைக் காட்டும். வாய்க்கால் சரிவு குறைந்த இடத்தில் புளூமைச் சற்றே உயர்த்தி அமைத்தால் இத்தொல்லை வராது; மிகையாக உயர்த்தினால் மேற்புறக் கரை உடையும். இவ்விரண்டுக்கும் நடுவே பொருத்தமான உயரத்தைத் தேர்வதே இவ்வேலையில் அனுபவம் தேவைப்படும் இடம். நன்கு அமைந்த புளூமும் கெடக்கூடும். கீழ்ப்புறத்தில் யாரேனும் கற்களை அடுக்கித் தம் மடைக்கு நீரை உயர்த்திக்கொண்டால், அல்லது தென்னை ஓலைகள் சிக்கி நின்றால், புளூம் மூழ்கும். நுரைத்தெழும் நிலையலை மறைந்து நீர் வழவழப்பாகச் செல்வதைக் கண்டதும் லஸ்கர் ஐயுற வேண்டும். கீழ்க்கோலைப் படிக்க வேண்டும்.

பள்ளியில் இதனைக் காட்ட விரும்பும் ஆசிரியர், மூன்றங்குலக் கழுத்துள்ள சிறு பார்ஷல் புளூமை மரப்பலகையிலோ தகட்டிலோ செய்துகொள்ளலாம். அதில் 5 சென்டிமீட்டர் உயரம் வினாடிக்கு 1.7 லிட்டர் ஓட்டத்தைக் குறிக்கும். தோட்டத்து மோட்டார் குழாயின் நீரை அதில் விட்டு, வெளியேறும் நீரை 17 லிட்டர் கொள்ளும் வாளியில் பிடித்தால், பத்து வினாடியில் நிறைய வேண்டும். கடிகாரமும் வாளியும் கூறும் விடையோடு கோல் கூறும் விடை நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் ஒத்திருந்தால், மாணவர்கள் செய்த புளூம் நன்று. ஒவ்வாவிடில் எங்கே பிழை என்று அவர்களையே தேடச் செய்யலாம். பெரும்பாலும் தளம் மட்டமாக இராது.

அளவிடும் ஓர் இடத்தைச் சுற்றியே ஓர் ஒப்பந்தம் அமையக்கூடும் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபகுதியிலேயே சான்று உண்டு. பரம்பிக்குளம்–ஆளியாறு திட்டம் குறித்துத் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆளியாற்றில் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7,250 மில்லியன் கன அடி நீர் கிடைக்கச் செய்தல் வேண்டும். அங்கே இருப்பது புளூமன்று, அணைக்கட்டே. அதைப் பற்றியும் தாவாக்கள் எழாமல் இல்லை. ஆயினும் தாவா எழும்போது இருதரப்பாரும் சுட்டிக்காட்ட ஓர் இடமும் ஓர் எண்ணும் அங்கே உள்ளன. இடதுகரைக் கால்வாயில் நெய்யாற்று நீர் மீண்டும் எல்லை கடந்து ஓடும் நாள் வருமாயின், எல்லையில் நிலையலைப் புளூம் ஒன்றும், இரு மாநில அலுவலரும் படிக்கத்தக்க அளவுகோல் ஒன்றும் முதல் நாளிலிருந்தே இருத்தல் நலம்.

பதிவேட்டைப் பற்றி ஒரு சொல். தேதி, நேரம், மேற்கோல் அளவு, கீழ்க்கோல் அளவு ஆகிய நான்கையும் படித்தபடியே எழுதுதல் வேண்டும். லிட்டரிலோ கன அடியிலோ கணக்கிட்ட விடையை மட்டும் எழுதினால், எவ்வட்டவணை ஆளப்பட்டது, புளூம் மூழ்கியிருந்ததா என்பதைப் பின்னர் எவரும் அறிய இயலாது. கோல் சென்டிமீட்டரிலும் அட்டவணை அடியிலும் இருக்கும் இடங்கள் இன்றும் உள. அங்கே பதிவேட்டின் தலைப்பிலேயே அலகைப் பெரிதாக எழுதிவிடுதல் உத்தமம். பூஜ்யத்தைச் சரிபார்த்த நாளைச் சிவப்பு மையில் குறிப்பது பயனுடைய பழக்கம்; இதனை ஒவ்வொரு பாசனப் பருவத்தின் தொடக்கத்திலும், வாய்க்காலில் நீர் விடுவதற்கு முன்பாக, தளம் காய்ந்திருக்கும்போதே செய்தல் வேண்டும்.